சினேகா தொட்ட மூஞ்சி

முகத்துவாரக்குப்பத்து மீனவன் ரகுபதியின் வீரத்துக்கு ஒரே சாட்சி ரகுபதியின் வாய்தான். அந்த வாய் நேற்று ஐந்து வயது மகள் சினேகாவிடம் இப்படிச் சொல்லி வைத்திருந்தது: "கடல்காரன் பொண்ணு அழுவாது. அழுதா ஊசி போட்டுடுவாங்க."

இன்று காலை ராயபுரத்து மருத்துவமனையில் அவளுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே முதுகின் அடியில் மருந்து செலுத்தி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். கண் விழித்ததும் பொம்மை கேட்டாள்.

"பாத்தியா, யார் ரத்தம்?" என்று மனைவி புஷ்பவல்லியிடம் மார்தட்டினான் ரகுபதி.

"மரப்பு மதியத்துக்கு மேல விட்டுடும்ண்ணே," என்றாள் நர்ஸ் மகிமா. "இப்பவே ஒரு சிரப் குடுத்தாச்சு. அதையும் மீறி வலிச்சா டாக்டர் இன்னொரு மருந்து எழுதியிருக்காங்க. வலிக்குதான்னு பாப்பாதான் சொல்லணும்."

வலி எவ்வளவு என்று தொட்டுக் காட்டக் கட்டிலில் ஓர் அட்டையை வைத்தாள். அதில் ஆறு மூஞ்சிகள். முதல் மூஞ்சி சிரித்தது. கடைசி மூஞ்சி கதறியது.

இரண்டு மணிக்குச் சினேகா சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டாள். மூன்று மணிக்கும் அதையே. ஆனால் ஜூஸைத் தொடவில்லை. காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். பொம்மையின் கழுத்து அவள் பிடியில் நசுங்கிக்கொண்டிருந்தது.

"வலிக்குது அவளுக்கு. மறைக்கிறா," என்றாள் மகிமா.

"யோவ், எல்லாம் நீ வுட்ட உதாருதான்," என்றாள் புஷ்பவல்லி.

"ஊசி இல்ல கண்ணு, குடிக்கிற மருந்துதான்," என்று மகிமா சொல்லிப் பார்த்தாள். சினேகா அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் சிரிக்கிற மூஞ்சி.

உலகத்தில் ரகுபதியின் பேச்சை நம்புகிற ஒரே ஜீவன் அவள். நம்பியதற்குத்தான் இந்த வலி. அவன் கட்டிலோரம் குந்தினான்.

"பாப்பா, நைனா பொய் சொல்ட்டேன். போன மாசம் கைல கெளுத்தி முள்ளு குத்துச்சே, அப்போ அழுதேன்."

"நீ சிரிச்சேன்னு சொன்ன."

"கூட வந்த தாமோதரன் மாமாவ கேளு. படகுல பொரண்டுகினு ஆயாவ கூப்ட்டேன். கரையில கீறவங்கல்லாம் ஓடியாந்தாங்க. சுடுதண்ணில கைய வெச்ச அப்பாலதான் வாய மூடினேன்."

பக்கத்துக் கட்டில்களில் பேச்சு நின்றுபோனது. எல்லோரும் நன்றாகவே கேட்டார்கள்.

"அப்போ உனக்கு எந்த மூஞ்சி?" என்றாள் சினேகா.

ரகுபதி கதறுகிற மூஞ்சியில் விரலை வைத்தான். சினேகா யோசித்துவிட்டு அதற்கு முந்தையதைத் தொட்டாள்.

"எனக்கு இது. அங்க எரியுது நைனா," என்றவள் அப்புறம்தான் அழுதாள்.

மகிமா உடனே மருந்தைக் கொடுத்தாள். முக்கால் மணி நேரத்தில் பொம்மையின் கழுத்து விடுபட்டது. ஜூஸும் பாதி காலி. சினேகா இரண்டாவது மூஞ்சியைத் தொட்டுக் காட்டிவிட்டு, அட்டையை அப்பா பக்கம் திருப்பினாள்.

"இப்போ நீ இன்னா மூஞ்சி நைனா?"

புஷ்பவல்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரகுபதி ஆறையும் பார்த்தான். அசடு வழிகிற மூஞ்சி ஒன்று மட்டும் அதில் இல்லை.