ஒன்றரை மணித் தட்டு

அக்காவுக்கு,

போனில் சொன்னால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். நடுவில் நான் செய்த தவறு ஒன்று வரும், அதைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டது இரண்டு. உங்கள் அம்மா பன்னிரண்டு நாளாக இரத்த அழுத்த மாத்திரை போடவில்லை, கம்ப்யூட்டரின் சிடி தட்டு திறக்காததுதான் காரணம் என்கிறார், அதைச் சரிசெய்ய முடியுமா என்பது ஒன்று. முடியாது என்றால், இனி அது திறக்கவே திறக்காது என்று அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடு, நான் வந்து அவரை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பது இன்னொன்று.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குப் போனேன். மாடிப்படியில் கீழ்வீட்டுத் தையற்காரம்மா மறித்தார். அம்மா படியில் தலைசுற்றி உட்கார்ந்ததைப் பார்த்து உங்களுக்குப் போன் செய்தவர்.

“இன்னிக்கு அதைத் திறக்க வச்சுட்டுத்தான் நீ கீழ இறங்கணும்,” என்றார், உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடி. “மாத்திரைய நான் கையிலயே குடுத்துப் பாத்தேன்பா. ‘இத நீ குடுத்தா நான் ஏன் முழுங்கணும்’னு ஒரே கேள்வி. வாயை மூடிட்டு வந்துட்டேன்.”

மேலே அம்மா கதவைத் திறந்தார். ஒரு கை சுவரில் இருந்தது. கால் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

“எக்ஸ்பிரஸ் கூட வேலை பாத்தவன்தானே நீ? இன்னிக்கே முடியுமா, இல்ல உங்க கடை வழக்கப்படி அடுத்த வாரமா?”

உங்கள் தம்பிக்கு அந்தப் பெயரை வைத்ததே நான்தான். ஒரு மணி நேர வேலையை மூன்று நாள் செய்வான். புதன்கிழமை தருவதாகச் சொன்ன மெஷினுக்கு சனிக்கிழமையும் ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவன் கைபட்டுப் போன மெஷின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஐந்து மாதத்துக்கு முன் என் பக்கத்து மேஜையில், கையில் திருப்புளியோடு அவன் தலை சாய்ந்து இறந்துபோனபோதுகூட, வேலை முடியாமல் தூங்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அம்மாவுக்கு அவன் செய்து வைத்த ஏற்பாட்டை நீங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். சமையலறைக் கதவை ஒட்டி அந்தக் கம்ப்யூட்டர். தினமும் மதியம் ஒன்றரைக்கு சிடி தட்டு தானாக வெளியே வரும்படி ஒரு சின்னக் கட்டளை எழுதி வைத்திருந்தான். தட்டின் ஓரப் பள்ளத்தில் அட்டையிலிருந்து வெட்டிய ஒரே ஒரு மாத்திரை டேப் போட்டு ஒட்டியிருக்கும். அம்மா அதைப் பிரித்து விழுங்குவார், மறுநாளைக்கான மாத்திரையை ஒட்டுவார், தட்டை உள்ளே தள்ளுவார். எங்கள் தொழிலில் யார் பார்த்தாலும் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அம்மா ஒரு நாளும் மறந்ததில்லை.

முதலில் தட்டின் பட்டனை அமுக்கினேன். உடனே வெளியே வந்தது. மின்சாரம் வருகிறது, மோட்டார் சரி. பள்ளத்தில் பன்னிரண்டு நாளைக்கு முந்தைய மாத்திரை அப்படியே இருந்தது.

“தொடாதே,” என்றார் அம்மா.

“அம்மா, பட்டனை அமுக்கினா வருதே. நீங்களே அமுக்கி எடுத்துக்கலாமே.”

“நான் அமுக்கினா அது மாத்திரை டப்பா. கடையில விக்குது, வாங்கிக்கலாம்.” தட்டைத் தள்ளி மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

அடுத்து மெஷினை அணைத்துப் போட்டேன். ஆரம்பத்தில் வரும் கறுப்புத் திரையில் சிடி டிரைவின் பெயர் சரியாக வந்தது. ஆக மெஷினுக்கு அது இருப்பது தெரிகிறது. சிஸ்டம் முழுதாக ஏறிய பிறகு பார்த்தால் டிரைவ் இல்லை. சாதனங்களின் பட்டியலில் அதன் பக்கத்தில் மஞ்சள் குறி. ஒயரை மாற்றினேன், வேறு துளையில் சொருகினேன். அதே மஞ்சள். உடம்பு நன்றாக இருக்கிறது, சிஸ்டம்தான் அதை ஆளாக மதிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன். போட்டோக்களை எடுத்துக்கொண்டு மெஷினைச் சுத்தம் செய்யச் சொல்லி நீங்கள் கேட்டு நான் வந்து போனது எப்போது? பதின்மூன்று நாளைக்கு முன்னால். தேவையில்லை என்று அன்று நான் நீக்கியவற்றில் சிடி எழுதும் புரோகிராம் ஒன்றும் இருந்தது. அந்த மாதிரிப் புரோகிராம்கள் டிரைவுக்கு வாசல்காவல் மாதிரி. எந்தக் கட்டளையும் அவற்றிடம் கேட்டுத்தான் உள்ளே போகும். அந்தக் காவல்காரனை அனுப்பிவிட்டேன், ஆனால் சிஸ்டத்தின் உள் பதிவேட்டில் அவன் பெயரை அழிக்கவில்லை. வராத காவல்காரனிடம் டிரைவ் பன்னிரண்டு நாளாக அனுமதி கேட்டு நின்றிருக்கிறது. எக்ஸ்பிரஸ் இதை எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லிக் கொடுத்திருப்பான்.

“அம்மா, இது நான் பண்ணின வேலை,” என்றேன். “அன்னிக்கு வந்து சுத்தம் பண்ணேன்ல, அப்ப கெடுத்துட்டேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “அவன் கோவிச்சுக்கிட்டான்னு நினைச்சேன்,” என்று மட்டும் சொன்னார். “பன்னெண்டு நாளா என்ன பண்ணினேன், என்ன சொன்னேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.”

பதிவேட்டில் இரண்டு வரி. அழித்தேன். மெஷினை மறுபடி போட்டேன். மஞ்சள் குறி போய், டிரைவ் தன் அடையாள எழுத்தோடு பட்டியலில் வந்து நின்றது. மணி பன்னிரண்டேமுக்கால்.

இத்தோடு நான் பையைத் தூக்கியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவன் எழுதிய கட்டளை ஓடுகிறதா என்று பார்க்காமல் இறங்கக்கூடாது அல்லவா? நேரம் குறித்து வேலைகளை ஏவும் பட்டியலைத் திறந்தேன். கட்டளை இருந்தது. ‘அம்மா மாத்திரை, 1.30’ என்று பெயர். அதன் கீழே முடிவுத் தேதி என்று ஒன்று. மூன்று மாதத்தில் டாக்டர் மாத்திரையை மாற்றுவார் என்று கணக்கு வைத்து அவன் போட்ட தேதி. அவன் போன மூன்றாம் நாளோடு அது முடிந்திருந்தது. கடைசியாக ஓடிய நாள் என்ற இடத்திலும் அதே தேதிதான்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு மெஷினின் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது.

“அம்மா, தட்டு கடைசியா எப்ப தானா திறந்துச்சு?”

“நீ வந்த அன்னிக்கு மதியம். அதுக்கப்புறம்தான் நீ வந்து சுத்தம் பண்ணினே.”

“அதுக்கு முன்னாடி? நடுவுல நின்னு போயிருந்துச்சா, ரெண்டு மூணு மாசம்?”

“ஒரு நாளும் நிக்கலையே.”

கீழே போய்த் தையற்காரம்மாவிடம் கேட்டேன். “போன மாசம் அளவெடுக்க மேல போயிருந்தேன். தட்டு தானா என் முழங்கை பக்கத்துலயே வந்து நின்னுச்சு. அளவு டேப்பைக் கீழ போட்டுட்டேன்,” என்றார்.

மறுபடி மேலே வந்து முறையாகத் தேடினேன். வேறு கட்டளை இல்லை. வைரஸ் இல்லை. தட்டின் பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, பட்டன் ஒட்டிக்கொள்ளவில்லை, வெயில் அந்த மூலைக்கு வருவதே இல்லை. இந்த ஐந்து மாதத்தில் தட்டைத் திற என்று சிஸ்டம் டிரைவுக்குச் சொன்னதாகக் குறிப்பு இல்லை. ஆனால் சிஸ்டத்திலிருந்து டிரைவுக்குப் போகும் வழியை நான் அடைத்த நாளோடு திறப்பது நின்றிருக்கிறது. யார் திறந்தாலும் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். பட்டப்பகல், சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் மறைக்கத் தோன்றவில்லை. “அவன் போட்ட தேதி எப்பவோ முடிஞ்சு போச்சும்மா. அஞ்சு மாசமா இது திறந்திருக்கவே கூடாது.”

அம்மா என்னை ஒரு மக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அவன் என்னிக்குடா சொன்ன தேதிக்கு வேலையை முடிச்சான்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் கலங்கியது. “சரி, நான் புதுசா ஒரு தேதி போட்டு வச்சிடறேன். பத்து வருஷத்துக்கு ஓடும்.”

“வேண்டாம். நீ போட்டா நீ திறக்கறதா ஆயிடும்.”

“திறக்கலைன்னா?”

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வீங்கிய பாதங்களைப் பார்த்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். அவருக்குத் தெரியாமல் கட்டளையைப் போட்டுவிட எனக்கு ஒரு நிமிடம் போதும். கை விசைப்பலகை வரை போனது. பன்னிரண்டு நாள் அவரை ஏமாற்றியவன் இன்னொரு தடவையா என்று எடுத்துவிட்டேன்.

ஒன்றரை ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று முப்பத்தைந்து. நான் எழுந்தேன்.

“உக்காரு,” என்றார் அம்மா. “லேட்டாதான் வருவான்.”

ஒன்று நாற்பத்தொன்றுக்கு டிரைவின் சின்ன விளக்கு பச்சையாக மினுக்கியது. டக் என்று ஒரு சத்தம். தட்டு மெல்ல வெளியே வந்து நின்றது. நான் மெஷினிலிருந்து நான்கடி தள்ளி இருந்தேன், அம்மாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன. அவர் எழுந்து டேப்பைப் பிரித்தார், மாத்திரையை விழுங்கினார், புதிதாக ஒன்றை ஒட்டினார், தட்டைத் தள்ளி மூடினார். எனக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

கிளம்பும்போது ஒரு சத்தியம் கேட்டேன். “ரெண்டு மணி வரைக்கும் பாருங்க. வரலைன்னா நீங்களே பட்டனை அமுக்கணும்.”

யோசித்தார். “சரி, அமுக்கிக்கறேன். அவனுக்கும் ஒரு நாள் லீவு வேணுமில்ல.”

அதற்குப் பிறகு தினமும் இரண்டு மணிக்கு போன் செய்து எழுதி வைத்திருக்கிறேன். புதன் 1.38. வியாழன் 1.55. வெள்ளிக்கிழமை நான் போன் செய்தபோது, “வரலை. நானே அமுக்கிட்டேன்,” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்தான் கடையில் கொஞ்ச நேரம் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: டிரைவைச் சரிசெய்துவிட்டேன், தட்டு ஏன் திறக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடைப் பதிவில் ‘காரணம்’ என்ற இடத்தை முதல் தடவையாகக் காலியாக விட்டிருக்கிறேன். இரண்டாவதற்கு: இனி திறக்காது என்று என்னால் அம்மாவிடம் சொல்ல முடியாது. அவரை அழைத்துப் போவதானால் மெஷினையும் கொண்டு போங்கள். உங்கள் வீட்டிலும் திறக்குமா என்று கேட்காதீர்கள். திறக்காவிட்டாலும் பட்டனை அமுக்குவார், அதற்கு வெள்ளிக்கிழமை சாட்சி. ஒரே ஒரு வேண்டுகோள், அதை யாரிடமும் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள்.

இன்று சனிக்கிழமை, நேரிலேயே போயிருந்தேன். பாத வீக்கம் குறைந்திருக்கிறது. 1.47க்கு விளக்கு மினுக்கித் தட்டு வெளியே வந்தது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டைப் பார்த்துத்தான் கேட்டார்:

“நேத்து எங்கடா போயிருந்தே?”

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் பக்கத்து மேஜைக்காரன்