அவள் கையால் முதல் குளியல்

குழந்தைக்கு நான்காம் மாதம் நடந்தது. இதுவரை ஒரு நாள்கூட அவள் தன் கையால் அதைக் குளிப்பாட்டியதில்லை. பஸ் ஓட்டும் கணவன் விடிவதற்குள் கிளம்பிவிடுவான். எல்லாவற்றையும் அவன் அக்காதான் பார்த்துக்கொண்டாள். பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டதில் தூக்கமும் பசியும் திரும்பியிருந்தன. குழந்தை மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரியே இருந்தது.

வாராவாரம் வீட்டுக்கு வரும் நர்ஸ், இன்றைக்குத் தாய்தான் குளிப்பாட்ட வேண்டும் என்றாள். நாத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. கை நடுங்குகிறவளிடம் பிள்ளையைக் கொடுப்பதா என்று முணுமுணுத்தபடியே வெந்நீரை விளாவித் தொட்டியில் ஊற்றினாள். வெளியே போனாளே தவிர, கதவோரத்தை விட்டு நகரவில்லை.

தொட்டியின் முன் உட்கார்ந்து குழந்தையின் கழுத்தை ஒரு கையால் தாங்கினாள். தண்ணீரைத் தொடாமலே திருப்பி நீட்டினாள்.

“என்னால முடியாது, சிஸ்டர். வாங்கிக்குங்க.”

நர்ஸ் தன் கையை அவள் கைக்கு அடியில் கொடுத்தாள். “நான் பிடிச்சிருக்கேன். எதுக்குப் பயம்னு சொல்லுங்க.”

மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாதது வெளியே வந்தது. “பொறந்த இருபதாம் நாள், குளிப்பாட்டலாம்னு இவளைத் தூக்கிட்டு இதே தொட்டிகிட்ட வந்தேன். தண்ணியில கையை விட்டுட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு தோணிச்சு. அதுலேர்ந்து தண்ணிகிட்டயே வர்றதில்ல.”

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஊரைக் கூட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். நர்ஸ் பிடுங்கவில்லை. இப்போதும் அப்படித் தோன்றுகிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை, தோன்றிவிடுமோ என்ற பயம்தான் என்றாள் இவள். இந்த நோயில் பலருக்கு வருகிற நினைப்புதான், டாக்டரிடம் சேர்ந்தே போய்ச் சொல்வோம் என்றாள் நர்ஸ்.

கதவு திறந்தது. நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

வந்தவள் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். “நான் உன்னைச் சோம்பேறின்னு நெனச்சேன்,” என்றாள். பிறகு குவளையை இவள் பக்கம் தள்ளினாள். “வயித்துல மெதுவா ஊத்து. அதான் அவளுக்குப் பிடிக்கும்.”

ஊற்றினாள். குழந்தை அத்தையைத் தேடி உதட்டைப் பிதுக்கி வீறிட்டது. ஏதாவது பேசுங்கள் என்றாள் நர்ஸ். என்ன பேசுவது? முன்பு தையல் வேலைக்குப் போனவளுக்கு வாயில் வந்தது, சட்டைக்குக் காலர் வைக்கும் விதம்தான். அதையே சொன்னாள். பாதிக் காலரில் அழுகை நின்றது. குழந்தை அவள் வாயையே பார்த்தது.

பாசம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. ஆனால் நாத்தனார் துண்டை விரித்தபோது, “நானே துடைக்கிறேன், அண்ணி. பக்கத்துல இருங்க,” என்றாள்.