அமீனும் மூன்றாவது ஓலையும்

ராயப்பன்பட்டி மாதா கோயிலில், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய என் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்து முடித்திருந்தார்கள். மூன்றாவது ஓலைக்கு முன் மதுரையிலிருந்து என் ஆராய்ச்சிப் பேராசிரியரின் கடிதம் வந்தது. 1983, மே மாதம்.

எங்கள் ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சிலிண்டர் கிடையாது. அதனால் நைட்ரோ சேர்மத்தை அமீனாக்க, ஹைட்ரஜன் தரும் அம்மோனியம் ஃபார்மேட்டையும் பல்லேடியம் ஏற்றிய கரியையும் சேர்த்துப் பார்த்தேன். சூடுகூடப் படுத்தவில்லை. அரை மணியில் மீன் வாடையோடு அமீன் வந்தது. இரண்டு முறை வந்தது. மூன்றாவது முறையும் வந்தால்தான் கட்டுரை அனுப்ப முடியும். வியாழக்கிழமை நான் வராவிட்டால் என்னோடு ஆய்வகத்தில் இருக்கும் கிருபாவதி செய்வாள், கட்டுரை அவள் பெயரில் போகும் என்று எழுதியிருந்தார்.

ஓலை வாசித்த பெண் கல்யாணம்வரை ஊரைத் தாண்டக் கூடாது. ஒரே நாள் என்று அப்பாவிடம் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார். அம்மா என் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “லேப்பு மீன் வாடை இன்னும் போகல. அவுக நெத்திலி யாவாரத்துக்கா பொண்ணு எடுக்குறாக?”

புதன்கிழமை விடியலில் சொல்லாமல் மதுரைக்குப் புறப்பட்டு உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் அமிர்தராஜ் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். டிக்கெட் கிழிக்கவில்லை.

“ஏத்தா, ஓலை வாசிச்சாச்சுல்ல. அப்பா போகச் சொன்னாகளா?”

ஒரு பொய் போதும். இல்லை என்றுதான் தலையசைத்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. அவர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார்.

“கோவிச்சுக்கிடாத. நாளைக்கு உங்கப்பா மொகத்துல நான் முழிக்கணும்.”

இறங்கித் திரும்பி நடக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. வடிகட்டிய கரி காய்ந்தால் தானே பற்றிக்கொள்ளும். முதல் முறை என் தாவணி நுனி கருகியது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் ‘வடிகட்டவும்’ என்று மட்டுமே எழுதியிருந்தேன். கிருபாவதிக்குத் தெரியாது. தீப்பிடித்தால் மூன்றாவது சோதனை நின்றுபோகும். கட்டுரை தள்ளிப்போகும். ஒருவேளை எனக்காகக் காத்திருக்கும்.

கோயில் முக்குவரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பிறகு வீட்டுக்குப் போய், ஒரு தந்தி கொடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். தபால் ஆபீஸ் ஊருக்குள்தான். உடனே கூட வந்தார். நான் எழுதியதை வாய்விட்டு வாசித்தார்: “கரியைக் காயவிடாதே. நனைத்தே வை. தீப்பிடிக்கும்.”

“இம்புட்டுத்தானா? இதுக்கா மதுரைக்குப் போகணும்னு நின்ன?”

அவர் முகம் தெளிந்திருந்தது. நான் தந்தித் தாளில் கிருபாவதியின் முகவரியை எழுதினேன்.