சொட்டாத ஜீப்

மவுன் ஊரில் எங்கள் வீட்டு ஜீப்பை எல்லோரும் குபு என்றுதான் சொல்வார்கள். குபு என்றால் நீர்யானை. நின்ற இடத்தை நனைத்துவிட்டுப் போகும் குணம் இரண்டுக்கும் பொது. வித்தியாசம், எங்கள் குபு நனைப்பது எஞ்சின் ஆயிலால்.

போன வருஷம் என் அண்ணன் மொலொகி, பொனோலோவைக் கோயில் பாட்டுப் பயிற்சிக்கு அழைத்துப்போக அவள் வீட்டு முற்றத்தில் குபுவை ஐந்து நிமிடம் நிறுத்தினான். அவள் அம்மா விடிகாலையில் பெருக்கி, துடைப்பக்கோடு கலையாமல் வைத்திருந்த வெள்ளை மணலில் தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. பொனோலோவின் அப்பா மொவாட்லோடி அதைச் சுற்றி நடந்து பார்த்தாராம். பிறகு தீர்ப்புச் சொன்னார். பெண் கேட்டு வருகிற அன்று அதே வண்டி இதே மணலில் நிற்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் பேச்சு கிடையாது. ஒரு வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வான் என்பது அவர் கேள்வி.

அண்ணன் எட்டு மாதம் முள்மரத்தடியில் குபுவோடு குடித்தனம் நடத்தினான். எஞ்சினைக் கழற்றி, மரக்கிளையில் கட்டிய சங்கிலியில் தொங்கவிட்டான். ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாம் மாற்றினான். துருப்பிடித்த சேஸிஸைச் சுரண்டி வண்ணம் அடித்தான். பின்சீட்டில் அடைகாத்த கோழியை மட்டும் முட்டை பொரியும்வரை தொடவில்லை. போன மாதம் குபுவின் அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தான். மூன்று நாள் கழித்தும் துணி வெள்ளையாகவே இருந்தது. எனக்குத் தெரிந்து அவன் கண்கலங்கியது அன்றுதான்.

நாள் குறித்தார்கள். எங்கள் வழக்கப்படி பெண் கேட்கத் தாய்மாமன்தான் போக வேண்டும், அதுவும் சூரியன் எழுவதற்குள். மாப்பிள்ளை தன் வீட்டிலேயே கிடக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவனுக்குச் சபையில் இடமில்லை. ஆகவே நான் டிரைவர். ஒட்சிலே மாமா கோட்டு போட்டு முன்னால் ஏறினார். அத்தைகள் சால்வை போர்த்திப் பின்னால் ஏறினார்கள்.

பாதி வழியில் குபு நீலப்புகை விட்டது. நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் ஆயில் முத்துமுத்தாகத் திரண்டிருந்தது.

"மாமா, ஒழுகுது."

மாமா நிம்மதியாகத் தலையாட்டினார். "அப்பாடா. நேத்து சாயங்காலம் பார்த்தேன், கீழ மணல்ல ஒரு பொட்டு இல்ல. ஆயிலே இல்லாம பயல் வண்டியை அனுப்புறானேன்னு ஒரு டின் ஊத்திவிட்டேன்."

பின்னாலிருந்து அத்தை ஒருத்தி, நேற்று மத்தியானம் தன் கணவரும் அதையே செய்ததாகச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் ஆயில் அளவைக் கம்பியை உருவி யாரும் பார்த்ததில்லை. மணலில்தான் பார்ப்பார்கள். சொட்டினால் இருக்கிறது, சொட்டாவிட்டால் தீர்ந்துவிட்டது. கழுத்துவரை ஊற்றிய ஆயில், புதிதாக மாட்டிய ஆயில் சீல் வழியாகவே பிதுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

திரும்பிப் போக நேரமில்லை. கிழக்கு வெளுத்துவிட்டது.

மொவாட்லோடி வாசலில் நின்று வண்டியை உள்ளே விடச் சொன்னார். மணல் அன்றைக்குப் பெருக்கியது. மாமாவும் அத்தைகளும் சபைக்குப் போனார்கள். நான் அத்தையின் எனாமல் குவளையை எடுத்துக்கொண்டு குபுவின் அடியில் படுத்தேன். அண்ணனின் வாழ்க்கை சொட்டுச்சொட்டாகக் குவளையில் விழுந்தது.

உள்ளே பேச்சு நீண்டது. பாதிக் குவளை நிறைந்தபோது, தலைமாட்டில் இரண்டு பளபளப்பான ஷூக்கள் வந்து நின்றன.

"என்ன தம்பி பண்றே?"

"நிழலுக்கு ஒதுங்கினேன் ஐயா."

"சூரியன் இன்னும் வரலையே."

"வந்ததும் கூட்டமாயிடும், அதான்."

மொவாட்லோடி கோட்டோடு குனிந்தார். கையை நீட்டினார். குவளையைக் கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் ஒரு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலில் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தார். தேன் நிறம்.

"போன வருஷம் கறுப்பு விழுந்துச்சு," என்றார். "இது பச்சைப்பிள்ளை மாதிரி சுத்தமா இருக்கு. எஞ்சினை உள்ளேயும் கழுவியிருக்கான்."

"எட்டு மாசம் ஐயா."

அவர் மண்டியிட்டு மணலைத் துழாவினார். துடைப்பக்கோடு கலைந்திருந்தது என் முதுகால் மட்டுமே.

"சொட்டு விழலை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அண்ணனுக்காக அடியில கிடக்க வீட்ல ஆள் இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "எந்த மடையன் இவ்வளவு ஊத்தினான்?"

"மாமா ஐயா. அப்புறம் அத்தை வீட்டுக்காரர்."

அவர் குவளையோடு தன் பிக்கப் வண்டியிடம் போனார். மூடியைத் திறந்து, அளவைக் கம்பியை உருவிப் பார்த்து, குவளையில் இருந்ததில் பாதியை எஞ்சினில் ஊற்றினார். குவளை காலியாகட்டும் என்று மிச்சத்தைக் கதவுக் கீல்களில் விட்டார். குவளையை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, சபைக்குள் போய், பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று ஒட்சிலே மாமாவிடம் சொன்னார்.

நான் மறுபடியும் அடியில் போய்ப் படுத்தேன். அவர்கள் டீ குடித்து முடிக்கும்வரை இன்னொரு குவளை வரும். முந்தின நாள் காலையில், மணல் காய்ந்து கிடப்பதைப் பார்த்து முதல் டின்னை ஊற்றியவன் யார் என்று அவர் தனியாகக் கேட்கவில்லை. கேட்காததை நாமாகச் சொல்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.