வகுப்பில் இருந்துவிட்ட நிழல்கள்

1942 ஆகஸ்டில் நெடுங்குளம் அரசுக் கல்லூரி மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்து வெளியே போனபோது அவர்களுடைய நிழல்கள் வகுப்பிலேயே இருந்துவிட்டன. தர்க்கப் பேராசிரியர் ஆரோக்கியநாதர் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து, ஆசிரியர் போகலாம் என்று சொல்லாமல் அந்தப் படிக்கட்டுக் கூடத்தில் யாரும் எழுந்ததில்லை. காய்ச்சல் கண்டவன்கூட அந்த வார்த்தைக்காகக் காத்திருந்துதான் மயங்கி விழுவான். அன்று பையன்கள் அந்த வழக்கத்தை மீறினார்கள். நிழல்களுக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை என்று சிலரும், அவற்றுக்குப் படிப்பில் அக்கறை அதிகம் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதல்வர் வாட்லிங் துரைக்கு முதலில் இது வசதியாகத்தான் இருந்தது. வருகை குறையவில்லை என்று சென்னைக்கு எழுதினார். அது பொய்யும் இல்லை. பெஞ்சுகள் நிறைந்தே இருந்தன. விளக்கணைத்தால் கரைந்துவிடுமோ என்று பயந்து இரவெல்லாம் பெட்ரோமாக்ஸ் எரியவிட்டார். ஆரோக்கியநாதர் தினமும் வந்து பாடம் நடத்த வேண்டும், ஆனால் போகலாம் என்று மட்டும் சொல்லக்கூடாது என்று உத்தரவிட்டார். ஆரோக்கியநாதர் அதுவரை எந்த உத்தரவையும் மீறாதவர். மாடு சாணம் போடும், சாணம் போடுவதெல்லாம் மாடல்ல என்கிற வகையில் அவர் சொல்லும் உதாரணங்களுக்கு நிழல்கள் குலுங்கிச் சிரித்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

இரண்டாவது வாரம் தந்திக் கம்பி அறுந்தது, தபாலாபீஸ் எரிந்தது. தேடி வந்த போலீசுக்கு அடையாளம் கேட்கும் வேலையே இருக்கவில்லை. வெயிலில் நிறுத்தினால் போதும். நிழல் இல்லாதவன் கல்லூரிப் பையன். பையன்கள் குடை பிடித்து நடக்கத் தொடங்கியதும், சப்-இன்ஸ்பெக்டர் சிங்காரம் ஊரில் குடைக்குத் தடை போட்டார். கடைத்தெருவில் ஒரு கிழவி, "அப்ப எம் முந்தானையையும் பிடுங்கிட்டுப் போயேன், அதுக்கும் நெழலு விழுதுல்லா!" என்று கத்தியதில் அவர் அந்தத் தெருவுக்கு மட்டும் தடையைத் தளர்த்தினார். சாரல் நின்றுபோய் வெயில் சுள்ளென்று அடித்த அந்தப் பத்து நாளில் பெரும்பாலானவர்கள் பிடிபட்டார்கள். பிடிபட்டவர்களைச் சிறைக்கு ஏற்றும்போதும் நிழல்கள் பெஞ்சை விட்டு அசையவில்லை.

கிடைக்காதவர்களில் நல்லபெருமாள் ஒருவன். கம்பியை அறுத்தவன் அவன்தான் என்று சிங்காரத்துக்குத் தெரியும். ஆனால் அவனை நேரில் பார்த்ததில்லை. ஆற்றங்கரை வெற்றிலைக் கொடிக்காலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூலியாளோடு கூலியாளாக அவன் இலை கிள்ளிக்கொண்டிருந்தான். அகத்தி மரங்கள் அடர்ந்து, கொடி ஏறி, உச்சிவேளையிலும் தரையில் வெயில் விழாத இடம் அது. செய்தி கசிந்த அன்று காலை சிங்காரம் கொடிக்காலைச் சுற்றி ஆள் நிறுத்தினார். உள்ளே நுழையவில்லை. அகத்தியை வரிசை வரிசையாக வெட்டச் சொன்னார். ஓடினால் சுட உத்தரவு இருந்தது.

"ஏல, எவனும் பயப்பட வேண்டாம். நெழலு உள்ளவன் வீட்டுக்குப் போலாம். இல்லாதவன் எங்கூட வரலாம்" என்று வரப்பில் நின்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

கல்லூரிச் சேவகன் தாணு கூடத்து ஜன்னலுக்கு வந்து மூச்சு வாங்கினான். "அய்யா, பாதி கொடிக்கால் போச்சு. பய நடுவுல நிக்கான்."

ஆரோக்கியநாதர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். "என்ட்ட ஏன்டே சொல்லுத?"

"வேற யார்ட்ட சொல்ல? அதுகளப் போவச் சொல்ல ஒங்களால மட்டுந்தான முடியும்?"

"சொன்னா வேலை போயிரும் தாணு."

"சொல்லலன்னா பயல்லா போயிருவான்."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். நிழல்களிடம் சொல்லக்கூடாது என்று உத்தரவில் இல்லை, மாணவர்களிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருக்கிறது என்று ஒரு வாதம் தோன்றியது. அதில் ஓட்டை இருப்பது அவருக்கே தெரிந்தது. வெட்டும் சத்தம் ஆற்றுப் பக்கமிருந்து கேட்டது. விஷயம் தெரிந்து வாட்லிங் துரையும் வந்து வாசலை மறித்து நின்றார். அந்தக் கல்லூரியில் போகலாம் என்பதை ஆங்கிலத்தில்தான் சொல்வார்கள். ஆரோக்கியநாதருக்கு அந்த நேரத்தில் ஆங்கிலம் வரவில்லை.

"எந்திச்சி ஓடுங்கல!" என்றார்.

நிழல்கள் ஒரு கணம் திகைத்தன. பிறகு படிக்கட்டுகளில் இறங்கி, துரையின் பூட்ஸுக்கு மேலாக ஏறி வெளியே போயின. வாசல் காவலர்கள் லத்தியால் அடித்ததில் தரையில்தான் தழும்பு விழுந்தது. சிறைக்குப் போனவை வடக்கே திரும்பின. ஆற்றுப் பக்கம் வந்தவற்றில் முந்தியது, முன்பே பிடிபட்ட வகுப்புத் தோழன் காசிம் முகைதீனுடைய நிழல். காசிமைக் கொடிக்கால் வழியாகத்தான் சிறைக்குக் கூட்டிப்போனார்கள். அதே தடத்தில் வந்த நிழல், கடைசி வரிசை சாய்ந்தபோது எதிரே நின்ற காலைப் பிடித்துக்கொண்டது. வெயில் கொட்டியது. நல்லபெருமாளின் தலையில் துண்டு. தரையில் விழுந்த நிழலின் தலையிலோ காசிமின் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி. அவன் சட்டென்று இலைக்கூடையைத் தூக்கித் தலையில் வைத்தான்.

சிங்காரம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கூடையின் நிழலோரம் ஏதோ ஆடியது.

"அது என்னல தொங்குது?"

"கொடி சாமி. காத்துக்கு ஆடுது."

"நெழலு இருக்கு. விட்டுருங்க" என்றார் சிங்காரம். வெட்டிய அகத்திக்கு யார் பதில் சொல்வது என்ற கவலை அவருக்கு அப்போதே வந்திருந்தது.

நல்லபெருமாளின் சொந்த நிழல் சிறையில் காசிமிடம் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் மாற்றிக்கொள்ள இருவரும் மெனக்கெடவில்லை. நல்லபெருமாளின் கல்யாண ஊர்வலத்தில் தொப்பி போட்ட நிழல் சென்றதைப் பெண்வீட்டார் பார்த்தார்கள். அதற்கும் சேர்த்துப் பன்னீர் தெளித்தார்கள்.

ஆரோக்கியநாதரை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள். புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்து வெயிலில் நடந்தபோது தாணு பின்னாலேயே ஓடிவந்தான். "அய்யா, ஒங்க நெழலக் காணும்!"

அவர் திரும்பிப் பார்த்தார். "எல்லாரையும் போவச் சொன்னேன். என்னை யாரும் சொல்லல்ல பாரு" என்று சொல்லிவிட்டுச் சொந்த ஊருக்கு ரயிலேறினார். அங்கே நிழலில்லாமலே பதினோரு வருடம் இருந்தார்.

அவருடைய நிழல் கரும்பலகையின் இடப்பாதியிலும் சுவரிலுமாக நின்றது. சுண்ணாம்பு அடித்தார்கள், தெரிந்தது. பலகையை மாற்றினார்கள், புதியதிலும் தெரிந்தது. கல்லூரியின் நூற்றாண்டு விழாவுக்கு வந்த நல்லபெருமாள் அதன் முன்னால் கைகட்டி நின்று, "சார், போலாம் சார்" என்று மூன்று முறை சொன்னார். மாணவன் சொல்லி ஆசிரியர் போகும் வழக்கம் அங்கே இல்லை. நல்லபெருமாள் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். விழா முடிந்து மாலை வகுப்புக்காரர்கள் வந்தபோதும் எழவில்லை. அவர்கள் அவரைச் சற்று நகர்ந்துகொள்ளச் சொல்லி அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வணிகவியல் ஆசிரியர் வந்து, வழக்கம்போலப் பலகையின் வலப்பாதியில் மட்டும் எழுதத் தொடங்கினார்.