வெறும் இடுப்பு

வேட்டியை அவிழ்க்கச் சொன்னபோது குப்புராஜுக்கு வெட்கம் வரவில்லை. கோவணத்தை அவிழ்க்கச் சொன்னபோதும் வரவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து முடிச்சூர் ஏரியில் குளித்து வளர்ந்தவன் அவன். மதகுப் பக்கம் ஆம்பிளைகள் குளிக்கும்போது யார் எதைக் கட்டியிருக்கிறார்கள் என்று அங்கே எவனும் பார்த்ததில்லை. மாட்டைத் தேய்த்துக் கழுவுகிற மாதிரி தன் உடம்பையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு கரையேறுவார்கள், அவ்வளவுதான். அதனால் தாம்பரத்தில் அந்தப் பழைய நெல் கிடங்குக்குள் முப்பது பேர் உரித்த கோழிகளாக வரிசையில் நின்றபோது அவனுக்குக் குளிர் மட்டும்தான் தெரிந்தது. மார்கழி மாதம். சிமெண்டுத் தரை உள்ளங்காலில் சில்லென்று ஏறியது.

சீனாக்காரனோடு சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உயரத்தில் தேறிவிட்டான், ஓட்டத்தில் தேறிவிட்டான். மிச்சம் டாக்டர் பார்ப்பது ஒன்றுதான். அதிலும் தேறிவிட்டால் இனிமேல் பல்லாவரத்துப் பக்கம் கல்குவாரிக்குப் போக வேண்டாம். அந்தக் குவாரி அவனுடைய அண்ணனை வெடி வைத்து வாங்கிக்கொண்டது. அப்பனை வெடி வைக்காமல், வருஷக்கணக்காக இருமவிட்டு வாங்கிக்கொண்டது. காலையில் அனுப்பும்போது அம்மா கன்னியம்மா சொன்னாள், "கல்லுல சாவறதுக்கு சண்டையில சாவு. அங்கயாச்சும் சோறு போட்டு சாவடிப்பான்." இதை ஆசீர்வாதம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரைப் பறிகொடுத்தவளுக்கு வேறு மாதிரி வாழ்த்தத் தெரியவில்லை.

அவனுக்கு முன்னால் நின்றவன் சாலமோன். தாம்பரத்தில் ஒரு வாத்தியாருடைய மகன். அஞ்சாவது வரைக்கும் இருவரும் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு சாலமோன் படிக்கப் போனான், குப்புராஜ் கல்லுக்குப் போனான். சாலமோன் இரண்டு கையாலும் முன்பக்கத்தை மூடிக்கொண்டு, காது சிவக்க, தலை குனிந்து நின்றான். அவன் வீட்டில் குளிக்கிற அறைக்குத் தாழ்ப்பாள் உண்டு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகும் ஜட்டியோடு குளித்து, துண்டுக்குள்ளேயே ஈரம் மாற்றுகிற ஜனங்கள். கூடத்தில் ஏதேன் தோட்டத்துப் படம் ஒன்று மாட்டியிருப்பார்கள். ஆதாமுக்கும் ஏவாளுக்கும் சரியான இடத்தில் சரியான செடி முளைத்திருக்கும்.

"குப்பு, கொஞ்சம் அந்தப் பக்கம் பார்த்து நில்லேன், ப்ளீஸ்" என்றான் சாலமோன்.

"ஏன், உன்கிட்ட மட்டும் புச்சா இன்னா கீது?"

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். வரிசைக் கடைசியில் ஒருவன் கோவணத்தை அவிழ்க்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துப் பார்த்தான். அம்மணமான ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன் என்பது கொஞ்ச நேரத்தில் அவனுக்கே விளங்கிவிட்டது.

அப்போதுதான் டாக்டருக்கு எடுபிடியான ஆர்டர்லி கத்திரிக்கோலோடு வந்தார். டாக்டர் பார்க்கும்போது இடுப்பில் ஒன்றும் இருக்கக் கூடாதாம். வேலூர்ப் பக்கத்து ஆள். பட்டாளத்திலேயே மீசை நரைத்தவர். ஒவ்வொருவன் முன்னாலும் நின்று, இடுப்புக் கயிற்றுக்குள் விரலை விட்டு இழுத்து, ஒரு வெட்டு. கயிறு கீழே விழும். அடுத்தவன். பையன்கள் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே காட்டினார்கள். வேலை வேண்டும் என்று வந்து நிற்கிறவன் எதைப் பிடுங்கினாலும் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

குப்புராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் இடுப்பில் கிடந்தது கறுப்புக் கயிறு. வருஷா வருஷம் ஆடி மாசத்தில் அம்மா கட்டிவிடுவாள். மீசை முளைத்த பிறகும் அவள்தான் கட்டுவாள். புதுசைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் பழசை அறுப்பாள். நடுவில் கண் சிமிட்டுகிற நேரம்கூட இடுப்பு வெறுமனே இருக்கக் கூடாது. உயிரோடு இருக்கிறவன் இடுப்பில் அரைஞாண்கயிறு இருக்கும். செத்தவனைக் குளிப்பாட்டும்போதுதான் அறுப்பார்கள். அப்பனுக்கு அறுத்ததைப் பார்த்திருக்கிறான். அண்ணனுக்கு அறுத்ததையும் பார்த்திருக்கிறான். அவன் தெருவில் அம்மணம் என்றால் துணி இல்லாமல் இருப்பது அல்ல. கயிறு மட்டும் கட்டிக்கொண்டு பிள்ளைகள் நாள் முழுக்கத் தெருவில் ஓடும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கயிறு அறுந்துபோய் ஒரு பிள்ளை வந்தால் மட்டும், பெற்றவள் பதறிப்போய் முந்தானைக்குள் அள்ளிக்கொண்டு ஓடுவாள்.

சாலமோனுக்கு முன்னால் நின்ற மாம்பலத்துப் பையனுக்குத் தோளில் பூணூல் கிடந்தது. ஆர்டர்லி அதைப் பார்த்தார். கத்திரி அதைச் சுற்றிக்கொண்டு மரியாதையாகக் கீழே இறங்கி, இடுப்புக் கயிற்றை மட்டும் வெட்டியது. சாலமோன் கழுத்தில் சிலுவைச் சங்கிலி. அதையும் பார்த்தார், விட்டுவிட்டார். இடுப்பில் அவனுக்கு ஒன்றும் இல்லை. அதெல்லாம் அஞ்ஞானம் என்று அவன் தாத்தா காலத்திலேயே சபையில் விட்டுவிட்டார்கள்.

குப்புராஜ் முறை வந்தது.

"சார், இது வாணாம் சார்."

"என்னாடா வேணாம்?"

"அவர்த வுட்டுட்டீங்களே சார்."

"அது பூணூல்டா. அது வேற, இது வேற."

"இன்னா சார் வேற? அதுவும் நூலு, இதுவும் நூலு."

ஆர்டர்லிக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. அவர் கோபப்படவில்லை. கத்திரியைக் காற்றில் இரண்டு தடவை நறுக்கிக்கொண்டே, "பட்டாளத்துக்குப் போறியா, ஊட்டுக்குப் போறியா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்குப் போவதென்றால் குவாரிக்குப் போவது. குப்புராஜ் கண்ணை மூடிக்கொண்டான். இரும்பு வயிற்றில் பட்டது. பிறந்ததிலிருந்து காற்றே படாத ஒரு கோடு இடுப்பைச் சுற்றி இருந்திருக்கிறது. அதில் காற்றுப் பட்டது. அப்புறம்தான் அவனுக்கு வெட்கம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, உடம்பெல்லாம் கூசியது. வரிசையில் எல்லாரும் முன்பக்கத்தில் கை வைத்து மறைத்திருந்தார்கள். அவன் மட்டும் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழுவிக் கிடத்தியிருக்கிறார்கள், இனி தூக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தான்.

சாலமோன் திரும்பிப் பார்த்தான். "என்னடா குப்பு, அழறியா? வெறும் கயிறுதானே?"

அவனுக்கு வெறும் கயிறுதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் பேண்டை மாட்டிக்கொண்டால் போன மானம் திரும்பி வந்துவிடும். யாருடைய மானம் எங்கே கட்டியிருக்கிறது என்பது அவனவனைப் பெற்றவளுக்குத்தான் தெரியும்.

டாக்டர் ஒரு சர்தார்ஜி. மஞ்சள் தலைப்பாகை, மணிக்கட்டில் இரும்பு வளையம். அதையெல்லாம் கழற்றச் சொல்லி அவரிடம் யார் கத்திரியோடு போகப்போகிறார்கள்? நல்ல மனுஷன்தான். இடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிறு இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார். குழாயை முதுகில் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். மறுபடியும் இழுக்கச் சொன்னார். இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு இந்தியில் ஏதோ கேட்க, ஆர்டர்லி தமிழில் சொன்னார்.

"என்னா வேலை பாக்கற?"

"கல்லு ஒடைக்கிறேன் சார்."

"எப்பலேர்ந்து?"

"அண்ணன் பூட்டதுலேர்ந்து."

ஆர்டர்லி இதை எப்படி மொழிபெயர்த்தாரோ. டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அவன் தோளில் லேசாகத் தட்டினார். அந்தத் தட்டிலேயே குப்புராஜுக்குப் புரிந்துவிட்டது.

"போய்த் துணி மாட்டிக்கோ" என்றார் ஆர்டர்லி. "நெஞ்செல்லாம் கல்லுத் தூசு. பெரியாஸ்பத்திரியில காட்டு."

வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வரும்போது, வாசல் ஓரத்தில் அறுத்த கயிறுகளைத் துடைப்பத்தால் ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். கறுப்பும் சிவப்புமாக, அழுக்கும் எண்ணெயும் ஏறி. அவன் குந்தி உட்கார்ந்து கிளறினான்.

"என்னாடா தேடற?" என்று துடைப்பத்தோடு நின்றவன் கேட்டான்.

"என்துங்க."

"எல்லாம் ஒண்ணுதான்டா. எதையாச்சும் எடுத்துட்டுப் போ."

எடுக்காமல் எழுந்தான். சாலமோன் தேறிவிட்டிருந்தான். சட்டை பேண்டு போட்டதும் பழைய வாத்தியார் மகனாகிவிட்டான். தோளில் கை போட்டு, "அடுத்த தடவை பார்த்துக்கலாம் குப்பு" என்று ஆறுதல் சொன்னான். எந்த அடுத்த தடவை என்று குப்புராஜ் கேட்கவில்லை.

மார்க்கெட் ரோட்டில் ஒரு வளையல் கடை வாசலில் அரைஞாண்கயிறுகள் கொத்தாகத் தொங்கின. அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். "கொயந்தைக்கா, பெரியவங்களுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். பெரியவங்களுக்கு என்று சொல்லி ஒரு கறுப்புக் கயிறு வாங்கிக்கொண்டான். ரயில் தண்டவாளத்துப் பக்கம் ஒரு குட்டிச்சுவருக்குப் பின்னால் போய் அதைக் கட்டினான். தனக்குத் தானே கட்டிப் பழக்கமில்லை. முடிச்சு நழுவி நழுவிப் போனது. பாறையில் துளை போடுகிற கைக்கு ஒரு முடிச்சு போடத் தெரியவில்லையே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. முற்றத்தில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுத்துக்கினானா?"

"இல்லம்மா. நெஞ்சு அளவு பத்தலயாம்."

"அத்தினி அளவு பாக்கறானா? குவாரிக்காரன் அளக்காமத்தான எடுத்துக்கறான்" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வெந்நீர் வைத்திருப்பதாகவும், குளித்துவிட்டு வந்தால் சோறு போடுவதாகவும் சொன்னாள்.

அவன் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கோவணத்தோடு கல் மேல் உட்கார்ந்தான். அவள் செம்பில் மொண்டு முதுகில் ஊற்றினாள். மூன்றாவது செம்பு பாதியில் நின்றது.

"இது இன்னா கவுறு?"

"புதுசும்மா."

"பழசு எங்க?"

அவன் கயிற்றைக் கோவணத்துக்குள் தள்ளிவிடப் பார்த்தான்.

"இத கட்டிட்டு அத அறுத்தியா? அத அறுத்துட்டு இத கட்டினியா?"

ஒரு பொய் போதும். நெஞ்சைப் பற்றி அவ்வளவு லேசாகப் பொய் சொன்னவன்தான். இதில் மட்டும் நாக்கு எழவில்லை.

"அறுத்துட்டாங்கம்மா. பொறவுதான் கட்டினேன்."

"எவன்?"

"பட்டாளத்துக்காரன்."

கன்னியம்மா செம்பைக் கீழே வைத்தாள். கொண்டையை அவிழ்த்தாள். ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் மாரில் அறைந்துகொண்டு ஒப்பாரி எடுத்தாள்.

"கல்லு ஒடச்ச ராசாவே – உன்ன
கவுறறுத்து அனுப்பினானே!
உசுரு கீற இடுப்புலயா – பாவி
கத்திரிய வச்சானே!"

அடுத்த வீட்டுச் செல்லம்மா கையில் மாவோடு ஓடிவந்தாள். வந்தவள் கன்னியம்மாவைப் பார்த்தாள், கல் மேல் உட்கார்ந்திருந்த குப்புராஜைப் பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்து கன்னியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். ஒப்பாரியில் முதலில் சேர்ந்துகொள்ள வேண்டும், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இன்னும் நாலைந்து பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். தெருக்கோடிக் கிழவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மெல்ல வந்து, குப்புராஜிடமே குனிந்து தணிந்த குரலில் கேட்டார்.

"யாருப்பா? எப்ப எடுக்கறாங்க?"

"நாந்தாங்க" என்றான் குப்புராஜ்.

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.

ஈரக் கோவணத்தோடு ஊர் நடுவில் உட்கார்ந்து தன் சாவுக்குத் தானே சாட்சியாக இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வேட்டியை எடுத்துக் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து நின்று, "யம்மா, நிறுத்து! நான் உசுரோடதான் கீறேன்" என்று கத்தினான். கத்தியது பாதியில் இருமலாக மாறியது. அடக்கப் பார்த்தான். அது அடங்குகிற இருமலாக இல்லை. அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, மூச்சு வாங்க முடியாமல் இருமினான்.

கன்னியம்மாவின் பாட்டு நின்றது. அந்த இருமலை அவள் வருஷக்கணக்காக ஒரே பாயில் படுத்துக் கேட்டவள். கழுத்தைக் கட்டியிருந்த கைகளை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு எழுந்து வந்தாள். அவன் ஈர முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், காதை வைத்து அப்படியே நின்றாள். வட்டத்தில் செல்லம்மா மட்டும் இதைக் கவனிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஒரு அடி பாடினாள். தன் குரல் மட்டும் கேட்பது தெரிந்து, அவளும் நிறுத்திக்கொண்டாள்.