ஐம்பத்திமூணாம் நம்பர்

ராஜபாய்க்குத் தலை கிறுகிறுத்தது. கரமனை வீட்டு ஹாலில் ஜெபம் முடிந்து பாஸ்டர் கிளம்பியதும், அவள் புருஷன் தங்கப்பனோடு போர்டிங்கில் படித்த இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். செத்து நாற்பது நாளான மனுஷனைப் பற்றிப் பேசத்தானே வந்தார்கள்? பேசினார்கள். ஆனால் யாரைப் பற்றி?

"அம்பத்திமூணு இருக்கானே சேச்சி, பாலத்து மேல நின்னு ஆத்துல தலைகீழா சாடுவான்!" என்றார் கோலப்பன்.

போர்டிங்கில் பேரெல்லாம் கிடையாதாம். வெளுக்கப் போடுகிற துணி மாறிப் போகாமலிருக்கச் சட்டையில் சிவப்பு நூலால் தைத்த நம்பர்தான் பேர். தங்கப்பனுக்கு ஐம்பத்திமூணு.

தங்கப்பனா சாடினார்? ஆற்றங்கரைப் பக்கமே போகமாட்டேன் என்று மூன்று தெரு சுற்றி ரேஷன் கடைக்குப் போன மனுஷன்!

"வார்டன்கிட்டயே எதுத்து எதுத்து நிப்பான். என்ன வாயிங்கிய!" என்றார் பகவதிப்பெருமாள்.

வாயா? பக்கத்து வீட்டுக்காரன் வாசலை அடைத்துக் காரை நிறுத்தினால், பக்கவாட்டில் நுழைந்து போகிற ஆளுக்கா?

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முப்பத்தெட்டு வருஷம் என்னிடம் மறைத்தாரா? இல்லை, நான்தான் அமுக்கிப் போட்டேனா? பள்ளிக்கூடத்தைப் பற்றி எப்போது கேட்டாலும் "அது கிடக்கட்டும்" என்பார். பழைய மாணவர் கூட்டத்துக்கு மட்டும் வருஷம் தவறாமல் முதல் ஆளாகப் போவார். அந்தப் பையன் எப்படி இருந்தான் என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ளத்தான் அவளே போன் போட்டு இவர்களை வரவழைத்திருந்தாள்.

"லீவு முடிஞ்சா கல்லாத்துல இருந்து சக்கப்பழம் சுமந்துகிட்டு வருவான்..." என்றார் கோலப்பன்.

"கல்லாறா?" ராஜபாய் நிமிர்ந்தாள். "அவருக்கு ஊரு மார்த்தாண்டம் ஆக்கும்!"

பகவதிப்பெருமாள் நெற்றியைத் தேய்த்தார்.

"லேய் கோலப்பா, கல்லாத்துக்காரன் எட்டாங்கிளாஸோட டி.சி. வாங்கிட்டுப் போனாம்லா? அந்த நம்பரைப் புதுசா வந்த பயலுக்குல்லா குடுத்தாவ!" அவர் குரல் இறங்கியது. "அம்பது வருஷமாச்சு சேச்சி. எங்க நெனப்புல ரெண்டு பேரும் ஒண்ணாக் கலந்துட்டானுவ."

"இந்தக் கதையெல்லாம் அவருகிட்டயே சொல்லுவியளா?"

"வருஷா வருஷம். மேடையில ஏத்தி நிறுத்தியே சொல்லியிருக்கோம்."

"அவரு என்ன சொல்லுவாரு?"

"சிரிப்பான் சேச்சி. நாங்க என்ன சொன்னாலும் சிரிப்பான்."

"சரி, இப்பம் அந்தப் புதுப் பயலைச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

"இருந்தான்..." என்று தொடங்கினார் கோலப்பன். அதற்கு மேல் வரவில்லை.

வெட்கமாயில்லையா என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. ஆனால் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். விருந்தாளிகள் முன்னால் "எங்க அவருக்கு மீன்தலைன்னா உசிரு" என்று அவர் தட்டில் எடுத்து வைப்பாளே, அப்போதெல்லாம் அப்படித்தான் சிரிப்பார்.

காபி டம்ளர்களை எடுக்க வந்த மகளின் கையைப் பிடித்தாள்.

"ரெஷ்மா, அப்பாக்கு மீன்தலை இஷ்டந்தானே?"

ரெஷ்மா விழித்தாள். "நீங்கதானேம்மா அப்படிச் சொல்லுவீங்க?"